மடி யாருடையது?

"சோம்பேறிகள்!"

இந்த ஒரு சொல்லைக் கேளாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை, புதுவையிலும் இல்லை. வில்லியனூர்க் கடைத்தெருவில் கேட்கலாம். பாகூர் ஏரிக்கரையில் கேட்கலாம். நடவுக்கு ஆள் வரவில்லை என்று நிலக்கிழார் சொல்கிறார். மனுவோடு வந்து நிற்போரைப் பார்த்து, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அலுவலர் சொல்கிறார். திண்ணையில் சாய்ந்திருக்கும் தந்தை மகனைப் பார்த்துச் சொல்கிறார். கேட்டுக் கேட்டுப் பழகிய மகன், கடைசியில் தன்னைத் தானே அப்படி அழைத்துக்கொள்கிறான். பிறர் சுமத்திய பழியைத் தன் இயல்பென்று நம்பத் தொடங்குகிறானே, அங்கேதான் அந்தச் சொல் வெற்றி பெறுகிறது.

நூலை ஆராய்வது போலவே நாவில் புழங்கும் சொல்லையும் ஆராயவேண்டும், தோழர்களே! சொல்பவர் யார், யாரை நோக்கிச் சொல்கிறார், சொல்வதால் ஆதாயம் யாருக்கு என்று கேட்கவேண்டும். அந்தப் பழியை முதலில் விசாரிப்போம். பழி பொய்யென்று தெளிந்தபின், நமக்கென்று மிஞ்சும் கடமையையும் விசாரிப்போம். முதல் விசாரணையை முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, இரண்டாவதை நாளைக்கென்று ஒத்திவைப்பது எளிது. அதற்கும் சோம்பல் என்றுதான் பெயர்!

வள்ளுவர் வைத்த இடம்

சோம்பலுக்குத் தமிழ் தந்த பழம்பெயர் மடி. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. மேடைதோறும் அதை எடுத்துக்காட்டி, வெயிலில் வாடிவந்த உழைப்பாளிக்கு, விசிறியின் கீழ் நின்று அறிவுரை வழங்குவது நம் நாட்டுச் சொற்பொழிவாளர் சிலரின் வழக்கம். அந்த அதிகாரம் நூலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில் நிற்கிறது! 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கி 63ஆம் அதிகாரமான இடுக்கணழியாமை வரை, ஆள்வோனை முன்னிறுத்திச் சொல்லப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. அதன் இறுதிக் குறள் மன்னவனைப் பற்றியே பேசி முடிகிறது. மடியைக் குறித்த எச்சரிக்கையை வள்ளுவர் குடிசையின் கதவில் ஒட்டவில்லை. கோட்டையின் வாயிலில் ஒட்டினார்.

உழவு அதிகாரத்தைப் புரட்டுங்கள். உரியவன் நாள்தோறும் சென்று பாராமல் வீட்டில் இருந்துவிட்டால் நிலம் அவனோடு பிணங்கிவிடும் என்று ஒரு குறள் கூறுகிறது. நிலத்தை மனைவிக்கு ஒப்பிட்ட அந்த உவமையைப் பற்றி இன்றைய பெண்கள் வேறு கேள்வி கேட்கலாம், கேட்கட்டும். ஆனால் கண்டிப்பு யாருக்கு? நிலத்துக்கு உரியவனுக்கு! பத்திரம் பாகூரில், பங்களா பட்டணத்தில் என்று வாழ்ந்துகொண்டு, அறுவடை நாளில் மட்டும் வரப்பில் தலைகாட்டுவோரே அந்தக் குறளுக்கு முதல் வாசகர்களாக வேண்டும்.

வாழ்த்தோடு நிறுத்தினால் அது திறனாய்வாகாது. 38ஆம் அதிகாரம் ஊழ். பொருள் சேரும் விதி வந்தால் ஊக்கம் பிறக்கும், பொருள் போகும் விதி வந்தால் சோம்பல் பிறக்கும் என்பது அதன் முதற்குறளின் கருத்து. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமைக்கு வந்தால், தெய்வத்தால் முடியாமற் போனாலும் பாடுபட்ட அளவுக்குப் பலன் உண்டு என்றும், தளராது முயல்வோர் விதியையே முதுகுகாட்டி ஓடச் செய்வர் என்றும் கருத்து மாறுகிறது. ஒரே நூலில் இரு குரல்கள். உரையாசிரியர்கள் இரண்டையும் சமாதானப்படுத்தட்டும். பகுத்தறிவாளன் தேர்ந்தெடுக்கவேண்டும். காரணத்தைக் கண்காணா இடத்தில் வைத்துவிட்டால், அதைத் திருத்த ஒருவராலும் ஆகாது. கண்ணெதிரே வைத்தால் கைகொண்டு திருத்தலாம். நாம் 62ஆம் அதிகாரத்தின் பக்கம்.

ஆள்வோனின் மடிக்குப் புதுவையில் சான்று வேண்டுமா? சிற்றூர் மக்கள் தங்கள் ஊராட்சிக்குத் தாமே ஆளைத் தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 2006இல்! இடையில் 38 ஆண்டுகள். பிறந்த குழந்தை வளர்ந்து, மணந்து, தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் வரை ஒரு வாக்குப்பெட்டி கொம்யூன் வாசலுக்கு வரவில்லை. 2006இல் வென்றோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் நெடும்துயில். ஊரானை மடியன் என்று ஏசுவோர், இந்தத் துயிலுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

கப்பலேறிய பழி

இந்தப் பழிக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் புதுவைத் துறைமுகத்துக்கும் இடமுண்டு.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் சவுக்கடிக்கு அஞ்சி உழைத்த கறுப்பின மக்கள், விடுதலை பெற்றதும், பழைய எசமானன் சொன்ன கூலிக்குப் பழைய தோட்டத்தில் உழைக்க மறுத்தனர். தமக்கென்று ஒரு துண்டு நிலம் தேடினர். உடனே தோட்ட முதலாளிகள் அவர்களுக்குச் சூட்டிய பட்டம், சோம்பேறிகள்! அந்தப் 'பஞ்சத்தை'த் தீர்க்க 1853 முதல் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் நம்மவர்கள். 1880களின் இறுதிக்குள் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேர் இந்தியாவிலிருந்து சென்றனர். சவுக்கு ஓய்ந்த இடத்தில் ஒப்பந்தம் வந்தது. உழைக்க மறுத்தவன் மீது வீசப்பட்ட சொல்லே, உழைக்கப் போனவனைக் கடல் கடத்தியது!

மலேசிய அறிஞர் சையத் உசைன் அலாதாஸ் 1977இல் வெளியிட்ட நூலுக்கு, 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தலைப்பிட்டார். மலாயா, சாவகம், பிலிப்பைன்சு ஆகிய நாடுகளை ஆண்ட வெள்ளையர்கள், தங்கள் தோட்டத்துக்கு அடிமாட்டு விலையில் உழைக்க வராதவனையெல்லாம் சோம்பேறி என்று எழுதிவைத்ததை அந்நூல் சான்றுகளோடு காட்டுகிறது. தன் வயலில் உழுதவன், தன் படகில் மீன் பிடித்தவன், தன் வீட்டுக்குக் கூரை வேய்ந்தவன் எல்லாருமே சோம்பேறிகள். காரணம், அவர்கள் பிறனுக்கு உழைக்கவில்லை!

வெள்ளையன் போனான், சொல் போகவில்லை. 2005இல் சட்டமாகி, 2008க்குள் நாடு முழுதும் விரிந்த நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பற்றி எழுந்த பேச்சை எண்ணிப்பாருங்கள். ஆண்டின் 365 நாள்களில் 100 நாள், அரசு நிர்ணயித்த கூலிக்கு, ஏரியையும் வாய்க்காலையும் தூர்வார வந்த பெண்களைப் பார்த்து, "இதனால்தான் நாடே சோம்பேறியாகிவிட்டது" என்றனர். குறைந்த கூலிக்கு ஆள் வராததை ஊர்ச் சோம்பல் என்று பெயர்மாற்றும் கலை, மார்த்தினிக்கிலிருந்து பாகூர் வரை ஒன்றுதான்.

இரத்தத்தில் ஊறியதா?

"அவர்களுக்கு அது இரத்தத்திலேயே ஊறியது" என்று சாதியின் பெயரால் பேசுவோர் உண்டு. இரத்தத்தையே ஆராய்ந்து பார்த்துவிடுவோமே!

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையரும் கறுப்பரும் பிறவிச் சோம்பேறிகள் என்று நெடுங்காலம் எள்ளப்பட்டனர். 1902இல் சார்லசு ஸ்டைல்சு என்னும் ஆராய்ச்சியாளர், அந்தச் 'சோம்பலின்' காரணத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டினார். கொக்கிப்புழு! வெறுங்காலோடு நடப்பவனின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு. 1909இல் ராக்பெல்லர் பொருளுதவியோடு இயக்கம் தொடங்கி, மருந்து கொடுத்து, கழிப்பறை கட்டச் செய்து, காலணி அணியக் கற்பித்தபோது, பிறவிக் குணம் என்று சொல்லப்பட்டது மருந்துக்கு இணங்கியது!

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையோர் என்கிறது. சோம்பல் இரத்தத்தில் ஊறியது என்கிறீர்களே, ஐயா, ஊறுவதற்கு அங்கே இரத்தமே போதவில்லையே!

அந்தப் பெண் எத்தனை மணிநேரம் உழைக்கிறாள் என்றும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். ஆண்களில் ஈடுபடுவோரே 100க்கு 26 பேர்தான்; பெண்களில் 81 பேர். வயலில் குனிந்து நட்டவள், வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் குனிகிறாள். நட்டுவிட்டு வந்தவள் சமைத்து முடிக்கும்வரை நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருப்பவர், மேடையேறிச் சோம்பலைக் கண்டிக்கிறார்!

எட்டு மணியின் விலை

மேலோர் சும்மா இருந்தால் அதற்கு ஓய்வு என்று பெயர். தவம் என்றும் பெயர். ஞானம் என்றும் பெயர். கீழோர் சும்மா இருந்தால்தான் சோம்பல். பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு இதற்கொரு பழஞ்சான்று. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாத்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதை அது கூறுகிறது. கற்போர் கவலையின்றிக் கற்க, மூன்று ஊர்களின் விளைச்சல்! கல்விக்குப் பொருள் ஒதுக்கியது நல்லதே. ஆனால் அந்த மூன்று ஊர்களிலும் உழுதவன் அந்தக் கல்விச்சாலையில் கற்கும் உரிமை பெற்றவனா? ஓய்வு ஓரிடத்தில் குவியவேண்டுமானால், உழைப்பு வேறிடத்தில் குவியவேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக நடந்த கணக்கு இதுதான்.

அந்தக் கணக்கை மாற்றி எழுத, புதுவைத் தொழிலாளர்கள் தங்கள் உயிரைக் கொடுத்தனர். 1936ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரான்சு நாட்டில் வாரத்துக்கு 40 மணிநேர வேலை என்று சட்டம் வந்தது. அடுத்த திங்கள், சூலை 30ஆம் நாள், அதே பிரான்சின் கொடி பறந்த புதுவையில், உரிமை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிகள் முழங்கின. பன்னிரு தொழிலாளர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டுமணி நேர வேலைநாள் சட்டமாயிற்று.

எட்டுமணி உழைப்பு, எட்டுமணி உறக்கம், எட்டுமணி தனக்கென்று! இதைக் கேட்டவர்கள் சோம்பேறிகளா? உழைப்புக்கு எல்லை கேட்பது சோம்பலன்று; மனிதனாக வாழ நேரம் கேட்பது. படிக்க நேரம், பிள்ளையோடு பேச நேரம், ஊர்ப் பொதுவில் நின்று கேள்வி கேட்க நேரம்.

அந்த ஆலைகளின் சங்கொலி இன்று இல்லை. ரோடியர் என்று மக்கள் அழைத்த பெரிய ஆலைக்கு 2020இல் கதவடைத்தார்கள். ஆனால் அவர்கள் வென்ற மூன்றாவது எட்டுமணி நம் கையில் இருக்கிறது. அதை நாம் என்ன செய்தோம்? பழியை மறுக்கும் விசாரணை இங்கே முடிகிறது. நம்மைப் பற்றிய விசாரணை இங்கே தொடங்குகிறது.

நம்மவர் மடி

பட்டம் பெற்றபின் அரசு வேலை அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளைஞன், காத்திருப்பதையே வேலையாக்கிக்கொள்கிறான். கைப்பேசியில் விரல் ஓடுகிறது, மாலை இரவாகிறது, ஒரு நூலின் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் ஏலம்விட்டு வருவாய் காணும் அரசு புதுவையரசு. கலால் வரி அதன் பெருவருவாய்களில் ஒன்று. வென்றெடுத்த மாலை நேரத்தை அந்தக் கடை வாசலில் கொட்டிவிட்டு வருபவன், முதலாளியிடமிருந்து மீட்டதை ஏலக்காரனிடம் ஒப்படைக்கிறான்.

பகுத்தறிவாளர் என்று மார்தட்டுவோருக்கும் இதில் பங்குண்டு. கூட்டத்துக்கு வருகிறோம், கைதட்டுகிறோம், எழுச்சியோடு வீடு திரும்புகிறோம், மறுநாள் படிப்பகத்தின் பூட்டைத் திறக்க ஆளில்லை! அறிவை வணங்கிவிட்டு அன்றாடம் பயன்படுத்தாதவனுக்கும், சரசுவதி பூசையன்று ஏட்டை அடுக்கிப் பூவைத்துவிட்டு அன்று அதைத் தொடக்கூடாது என்பவனுக்கும் வேற்றுமை என்ன?

நாள் நட்சத்திரத்தின் கணக்கையும் போட்டுவிடுவோம். இராகுகாலம் நாள்தோறும் ஒன்றரை மணி. எமகண்டம் ஒன்றரை மணி. ஆக மூன்று மணி. ஆண்டுக்கு 1,095 மணிநேரம். எட்டுமணி வேலைநாளாகப் பிரித்தால் 136 நாளுக்கு மேல்! திங்களன்று காலை ஏழரைக்குத் தீயதாக இருக்கும் சூரியன், செவ்வாயன்று பிற்பகல் மூன்று மணிக்கு மாறிக்கொள்கிறதாம். தொடங்க அஞ்சுபவனுக்குப் பஞ்சாங்கம் எழுதிக்கொடுத்த விடுமுறைச் சீட்டு இது. இதற்கு அப்பால் அட்டமி, நவமி, கரிநாள், ஆடி, மார்கழி! நெற்பயிர் நல்ல நேரம் பார்த்து முளைப்பதில்லை. நீர் கண்ட நேரத்தில் முளைக்கிறது.

புதிய உபதேசிகள்

இந்தச் சோர்வைக் கண்டுதான் புதியதொரு நூல்வகை சந்தையை நிறைத்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழு, குளிர்ந்த நீரில் குளி, எண்ணத்தை உயர்த்து, எல்லாம் கைகூடும் என்கின்றன அந்நூல்கள். இதன் மூதாதை, 1859இல் இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்சு எழுதிய தன்னுதவி பற்றிய நூல். எளிய நிலையிலிருந்து உயர்ந்தோரின் வரலாறுகளை அடுக்கி, விடாமுயற்சியே வெற்றி என்றது அது.

முயற்சியைப் போற்றுவதில் நமக்கு மாறுபாடு இல்லை. அன்றாடம் ஒரு குறிப்பேடு வை, பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கு என்று அவை சொல்வதில் பயனுண்டு; கொள்ளவேண்டியதைக் கொள்வோம். ஆனால் அந்நூல்களில் ஊர் இல்லை. கூலி இல்லை, சாதி இல்லை, நிலம் இல்லை, அடுப்படி இல்லை. தனியொருவன் தன் கண்ணாடியின் முன் நின்று தன்னோடு பேசிக்கொள்கிறான். பாகூரில் கோழி கூவுமுன் எழுந்து, மாட்டைக் கட்டிப் பால் கறந்து, சோறாக்கி வைத்துவிட்டு நடவுக்கு ஓடும் பெண்ணுக்கு, ஐந்து மணிக்கு எழச் சொல்லும் நூல் எதைக் கற்பிக்கும்? அவளுக்கு வேண்டியது இன்னும் ஒரு மணிநேர உறக்கம்! அதைக் கொடுக்கவேண்டியவன் அதே வீட்டில் போர்த்துக்கொண்டு தூங்குகிறான்.

இன்னொரு குற்றமும் உண்டு. வென்றவன் எண்ணத்தால் வென்றான் என்றால், தோற்றவன் எண்ணத்தால்தான் தோற்றான் என்றாகிறது. முன்பு தலையெழுத்து என்றார்கள். இப்போது மனநிலை என்கிறார்கள். அன்று பிரமன் மேல் போட்ட பழி, இன்று ஏழையின் மூளைமேல் விழுகிறது. ஊழுக்குப் புது அட்டை போட்டு விற்கும் வாணிகம் இது.

கீழூர் தரும் பாடம்

பின் எதுதான் வழி? வெளியே தேடவேண்டாம், வில்லியனூர் கொம்யூனிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18ஆம் நாள், அங்குள்ள கீழூரில், பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடினர். இந்தியாவோடு இணைய 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். முடிவு ஒரே நாளில்! நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. ஆனால் உடன்படிக்கை கையெழுத்தானது 1956 மே 28இல். சட்டப்படி முழுமை பெற்றது 1962 ஆகத்து 16இல். ஒரு நாளில் எடுத்த முடிவை நிலைநிறுத்த ஏறத்தாழ எட்டாண்டு ஆயிற்று.

தனிமனிதன் வாழ்விலும் இதுவே. "நாளைமுதல் மாறுவேன்" என்று முடிவெடுப்பது கீழூர் வாக்கெடுப்பு. பழக்கமாக ஊன்றுவது அதன்பின் வரும் நெடும்பணி. முடிவையே மாற்றமென்று மயங்குவதால்தான் ஆண்டுதோறும் புத்தாண்டு பிறக்கிறது. மனிதன் பழையவனாகவே இருக்கிறான்.

பழக்கம் எப்படி ஊன்றுகிறது என்பதை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் உடனுழைத்தோரும் 96 பேரை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பது போல ஓர் அடையாளத்தோடு அதைப் பிணைத்து, நாள்தோறும் செய்தனர். எண்ணாமலே கை அச்செயலுக்குப் போகும் நிலை வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதும்; சிலருக்கு 254 நாள் வேண்டியிருந்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் பதியுங்கள். நோன்பு நூற்பவனுக்கு மண்டலம் என்றால் 48 நாள். நடுவில் ஒருநாள் முறிந்தால் எல்லாம் வீண்! அந்த மனப்பான்மையே சோம்பலுக்குத் திறந்த வாயில். "ஒருநாள் தவறிவிட்டது, இனி அடுத்த ஆண்டுதான்" என்று விட்டுவிடச் சொல்கிறது சடங்கு. "தவறினால் என்ன, இன்று தொடர்" என்கிறது ஆராய்ச்சி. சடங்குக்குத் தீட்டு உண்டு. பழக்கத்துக்குத் தீட்டு இல்லை.

புதுவை தந்த பாரதிதாசனை நினையுங்கள். 1909இல் பள்ளியாசிரியராகி 1946இல் ஓய்வுபெறும்வரை அரசுப் பள்ளி வேலையே அவருடைய பிழைப்பு. 1938இல் அவருடைய கவிதைகளின் முதல் தொகுதி வெளிவந்தபோதும் அவர் ஆசிரியரே. தமிழுக்கு அவர் தந்தவற்றில் பெரும்பங்கு, பள்ளிமணி அடித்து முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் விளைந்தது!

ஏரிக்கரை கட்டுவது போல

புதுவைப் பகுதியில் 84 ஏரிகள். எல்லாவற்றிலும் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர்கொணரும் பங்காரு வாய்க்காலைப் பங்காரி, சிங்காரி என்னும் நடனமகளிர் இருவர் தம் பொருளைக் கொண்டு வெட்டுவித்தனர் என்பது ஊர்வழக்கு. சமூகம் இழிவாகப் பேசிய பெண்களின் பெயரில், சமூகத்துக்குச் சோறுபோடும் வாய்க்கால் ஓடுகிறது!

ஏரி ஒருமுறை வெட்டினால் முடிந்துவிடும் வேலை அன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை கரையும், மதகு அடைபடும். மழைக்கு முன் ஊர்கூடித் தூர்வாரிக் கரை உயர்த்தியதால் ஏரி வாழ்ந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். பிரெஞ்சுக்காலத்தில் உழவர்களின் பொதுநிதி அமைப்புகள் இப்பணியைக் கவனித்தன. ஆழ்துளைக் கிணறு வந்தது, விசையைத் தட்டினால் நீர், ஏரியை ஊர் மறந்தது, வண்டல் மேடிட்டது, நிலத்தடி நீர் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், உழவர்களைச் சங்கமாகச் சேர்த்தபின்னரே கரையில் மண்ணைக் கொட்டியது. கரை சரிந்தது மண் இல்லாமையால் அன்று. சேர்ந்து செய்யும் பழக்கம் சரிந்தமையால் என்று கண்டதன் விளைவு அது.

வில்லியனூரில் ஆண்டுக்கொருமுறை திருக்காமீசுவரர் தேர் ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் காலந்தொட்டு ஆட்சித் தலைவரே வந்து வடம் பிடிப்பது அங்கு மரபு. அத்தனை பெரிய தேரை நகர்த்துவது எது? ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஆயிரம் கைகள் இழுக்கும் ஒழுங்கு! அந்த ஒழுங்கு நம் மக்களுக்கு உண்டு என்பதற்குத் தேரே சான்று. கல்லும் மரமும் நகர ஒருநாள் தருகின்ற கைகள், நீர் நகர ஒருநாள் தரக்கூடாதா? ஆளுநர் வாய்க்கால் மண்வெட்டியையும் ஒருநாள் பிடிக்கக்கூடாதா?

எனவே, தோழர்களே, சிறிதாகத் தொடங்குங்கள். ஆனால் சேர்ந்து தொடங்குங்கள். படிப்பகத்தை நாள்தோறும் மாலை ஏழு மணிக்குத் திறப்பது என்று வையுங்கள். திறக்கும் பொறுப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பக்கம் படித்துப் பத்து வரி எழுதுங்கள். உண்ட தட்டைத் தானே கழுவும் பழக்கத்தை வீட்டிலுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் இன்றிரவே தொடங்கட்டும். 299க்கும் 97க்கும் இடையிலுள்ள பள்ளம் அங்கிருந்து தூரத் தொடங்கும். தேர்வுக்குப் படிப்பவர் படியுங்கள். காத்திருக்கும் நாளில் ஒரு தொழிலும் பழகுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், மாதம் ஒருநாள், ஊர் வரத்துவாய்க்காலுக்கு மண்வெட்டியோடு செல்லுங்கள். அரசு செய்யவேண்டியதை நாம் ஏன் செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், உரக்கக் கேளுங்கள், மண்வெட்டி பிடித்த கையோடு கேளுங்கள்! தன் பணியைச் செய்துவிட்டுக் கேட்பவனின் கேள்வியைத் தட்டிக்கழிப்பது ஆள்வோனுக்கு அரிது.

நம்மைச் சோம்பேறிகள் என்றவர்கள் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யைச் சொல்லால் மறுத்தது போதும். பன்னிரு தொழிலாளர் உயிர் கொடுத்து வாங்கிய மாலைப்பொழுது இன்றும் வரும். ஏழுமணிக்குப் படிப்பகத்தின் சாவி யார் கையில்?